டேங்க் கருவிக்கு ஒரு வலைப்பக்கம்: ஈஎஸ்பி32 போர்டில் முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் எலக்ட்ரானிக்ஸ் பித்து பிடித்தவர்கள் வீட்டுக்கென்று முதலில் செய்வது பெரும்பாலும் தண்ணீர் டேங்க் சமாச்சாரம்தான். கிணறு இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, மாடியில் கறுப்பு டேங்க் இருக்கிறது. ஒரு சென்சார், ஒரு போர்டு, இரண்டு வரி எல்சிடி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். அப்புறம்தான் கேள்வி வரும்: அந்த எல்சிடியை எங்கே மாட்டுவது? டேங்க் பக்கத்தில் மாட்டினால் அதைப் பார்க்கவே மாடி ஏற வேண்டும். அடுக்களையில் மாட்டினால் மாடியிலிருந்து கீழே வரை நீளமாக வயர் இழுக்க வேண்டும். குலசேகரம், திருவட்டாறு போன்ற மலையடிவார ஊர்களில் சித்திரையிலும் ஐப்பசியிலும் மழையோடு இடியும் வரும். மாடியில் தொடங்கி வீட்டுக்குள் முடியும் நீளமான செம்புக் கம்பி, அந்த நேரத்தில் இருக்கவே கூடாத பொருள்.

வைஃபை உள்ள போர்டு ஒன்றைப் போட்டு அதிலேயே ஒரு சின்ன வலைப்பக்கம் வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. வீட்டில் உள்ள எல்லா போனும் எல்சிடி ஆகிவிடும். ஆப் எழுத வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம், இணைய இணைப்புகூட வேண்டாம். பக்கத்தைப் போர்டே அனுப்பும், பிரவுசர் காட்டும்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வழிகாட்டி முழுக்க ஒரு பிடிவாதம் ஓடும்: முடிவெடுப்பது போர்டின் வேலை, பக்கத்தின் வேலை அல்ல. போன் அணைந்தாலும், ரவுட்டர் செத்தாலும், பக்கம் திறக்காவிட்டாலும் கருவி தன் வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும். பக்கம் ஒரு ஜன்னல் மட்டும்தான். ஜன்னலைச் சாத்தினால் வீட்டுக்குள் அடுப்பு அணைந்துவிடக் கூடாது.

என்னென்ன வேண்டும்

ஈஎஸ்பி32 டெவ்கிட் போர்டு ஒன்று (நிரல் ஏற்றி ஓட்டக்கூடிய, வைஃபை உள்ள சின்னப் பலகை). பழைய ஈஎஸ்பி8266 நோட்எம்சியு கையில் இருந்தால் அதுவும் போதும். நூலகப் பெயர்கள் கொஞ்சம் மாறும், முறை ஒன்றுதான். புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் 32-ஐயே வாங்குங்கள். நினைவகமும் வேகமும் தாராளம்.

சென்சார், ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தண்ணீர்மட்டம் வரை உள்ள தூரத்தை அளக்கும் வகை. விலை மலிவு என்று இரண்டு கண் போல இருக்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 வாங்கி டேங்குக்குள் வைக்காதீர்கள். மேசையில் பழக அது நல்லது. டேங்கின் ஈரத்தில் சீக்கிரமே துருப்பிடிக்கும். குளச்சல், முட்டம் பக்கம் கடல் காற்றும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். கார் பின்புற சென்சார் மாதிரி வயரோடு வரும் நீர்புகா வகை, ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற பெயரில் கிடைக்கும். அதை வாங்குங்கள். அதற்கு ஒரு குணம் உண்டு: 20–25 சென்டிமீட்டருக்குள் இருக்கும் எதையும் அது சரியாக அளக்காது. டேங்க் நிரம்பும்போது தண்ணீர் அந்த எல்லைக்குள் வந்துவிடாதபடி, மூடிக்கு மேல் ஒரு குட்டை பிவிசி குழாய் வைத்து சென்சாரை உயர்த்தி மாட்டுங்கள். குழாய் அகலமாக இருக்கட்டும். ஒடுக்கமான குழாயின் உள்சுவரே எதிரொலி கொடுத்து ஏமாற்றும்.

இவற்றோடு 1 கிலோஓம் மின்தடை மூன்று, 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, நல்ல 5 வோல்ட் சார்ஜர், தண்ணீர் புகாத பெட்டி. நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ எல்லாம் கிடைக்கும், இல்லையென்றால் ஆன்லைன்.

முதலில் பக்கமே இல்லாமல் அளக்கட்டும்

பலர் நேராக வைஃபையில் குதிப்பார்கள். பிறகு எண் தப்பாக வந்தால் தப்பு சென்சாரிலா, நிரலிலா, பக்கத்திலா என்று தெரியாமல் திண்டாடுவார்கள். நிரல் எழுதி ஏற்றுவது கணினியில் ஆர்டுயினோ ஐடிஇ என்ற மென்பொருளில். போர்டு அனுப்பும் வரிகளைக் காட்டும் அதன் சீரியல் மானிட்டரில் சரியான சென்டிமீட்டர் வரும்வரை வைஃபையைத் தொடாதீர்கள்.

இணைப்பு எளிது. சென்சாரின் ட்ரிகர் காலை (அளக்கச் சொல்வது) போர்டின் 18-ஆம் பின்னுக்கும், எக்கோ காலை (பதில் தருவது) 19-ஆம் பின்னுக்கும் கொடுக்கலாம். ஆனால் எக்கோவை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. சென்சார் 5 வோல்ட்டில் ஓடினால் எக்கோவும் 5 வோல்ட் அனுப்பும். ஈஎஸ்பி32-இன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. எக்கோவிலிருந்து ஒரு 1 கிலோஓம் வழியாக 19-ஆம் பின், அந்தப் பின்னிலிருந்து இரண்டு 1 கிலோஓம் தொடராக கிரவுண்ட். ஐந்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 3.3 வோல்ட் பின்னுக்கு வரும். மீட்டர் வைத்து கிரவுண்ட் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வேறு பின்கள் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் சில எண்களை மறந்துவிடுங்கள். 6 முதல் 11 வரை போர்டின் ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போகின்றன. 34 முதல் 39 வரை உள்ளவை உள்ளீட்டுக்கு மட்டும். 0, 2, 12, 15 ஆகியவை போர்டு எழும்பும்போது எந்த நிலையில் இருக்கின்றன என்பதைச் சிப் கவனிக்கும். அவற்றில் சென்சார் மாட்டினால் சில நேரம் போர்டு எழும்பாமலே கிடக்கும். அனலாக் சென்சார் வைப்பவர்களுக்கு இன்னொன்று: இரண்டாம் ஏடிசியை (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) சேர்ந்த பின்கள் வைஃபை ஓடும்போது வேலை செய்யாது. மண் ஈரம் அளக்கும் கருவி வைஃபை போட்டதும் உளறத் தொடங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அளவீடு இப்படி: ட்ரிகரை 10 மைக்ரோவினாடி உயர்த்தி இறக்கினால் சென்சார் ஒலியை அனுப்பும், எக்கோ எத்தனை மைக்ரோவினாடி உயர்ந்திருந்தது என்பதை பல்ஸ்இன் கட்டளை சொல்லும். அதை 58-ஆல் வகுத்தால் சென்டிமீட்டர். வெயில் காலத்தில் ஒலி கொஞ்சம் வேகமாகப் போகும், 100 சென்டிமீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வரலாம். டேங்குக்கு அது பொருட்டில்லை. பல்ஸ்இன் கட்டளைக்கு காலவரம்பு கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் எதிரொலி வராதபோது ஒரு முழு வினாடி அங்கேயே காத்து நிற்கும், பிறகு பக்கம் போடும்போது அந்த ஒரு வினாடி உறுத்தும். 30,000 மைக்ரோவினாடி போதும், அது 5 மீட்டர் தூரத்துக்குச் சமம்.

ஒரே ஒரு அளவை நம்பாதீர்கள். தண்ணீர் விழும்போது மேற்பரப்பு அலையும், எதிரொலி எங்கேயோ பட்டு வரும். 60 மில்லிவினாடி இடைவெளியில் ஐந்து முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் வருவதை எடுங்கள். சராசரி எடுத்தால் ஒரு பைத்தியக்கார எண் மற்ற நான்கையும் கெடுத்துவிடும்.

லிட்டர் கணக்கு நேர்க்கோட்டுக் கணக்குதான், டேங்க் உருளையாக இருப்பதால். சென்சார் முகத்திலிருந்து டேங்க் அடிவரை 140 சென்டிமீட்டர், நிரம்பிய நிலையில் தண்ணீர்மட்டம் வரை 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் முழு உயரம் 110. இப்போது சென்சார் 85 காட்டினால், 140-இல் 85 போக 55. அது 110-இல் பாதி. 1000 லிட்டர் டேங்க் என்றால் 500 லிட்டர். இந்த இரண்டு எண்களையும் டேப் வைத்து உங்கள் டேங்கில் அளந்து போடுங்கள். டேங்க்மேல் எழுதியிருப்பதைப் பார்த்துப் போடாதீர்கள்.

வைஃபை: ரவுட்டரோடு சேர்வதா, தானே வைஃபை ஆவதா

இரண்டு வழி உண்டு. போர்டு வீட்டு ரவுட்டரில் ஒரு போன் மாதிரி இணையலாம். அல்லது போர்டே ஒரு வைஃபை பெயரைப் பரப்பி, நம் போன் அதில் இணையலாம். இரண்டாவது வழியில் முகவரி எப்போதும் 192.168.4.1.

இரண்டாவது வழி கேட்க அழகாக இருக்கும், தினசரி உபயோகத்துக்குத் தொல்லை. போன் அந்த வைஃபையில் இணைந்ததும் ‘இதில் இணையம் இல்லை’ என்று கண்டுபிடித்து, உங்களைக் கேட்காமலே மொபைல் டேட்டாவுக்குப் போய்விடும். பக்கம் திறக்காது. வீட்டில் உள்ளவர்களுக்கு ‘டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு பாரு’ என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ரப்பர் தோட்டத்திலோ ரவுட்டர் இல்லாத களத்திலோ வைக்கும் கருவி என்றால் மட்டும் இந்த வழி.

வீட்டுக்கு ரவுட்டர் வழிதான். ஈஎஸ்பி32 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பேசும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடினால் அதற்கு அந்த வைஃபை கண்ணுக்கே தெரியாது. மாடியில் சிக்னல் எப்படி என்று போனை வைத்து ஊகிக்காமல், போர்டையே கேளுங்கள்: வைஃபை ஆர்எஸ்எஸ்ஐ என்ற கட்டளை ஒரு குறை எண் தரும். கழித்தல் 70-ஐவிட நல்லது (60, 50 என்று) என்றால் கவலையில்லை. கழித்தல் 80 தாண்டினால் அடிக்கடி அறுபடும். கான்கிரீட் தளம் ஒன்றைக் கடப்பதே சிக்னலுக்குப் பெரிய பாடு. பெட்டியை டேங்க் மேல் வைக்காமல் படிக்கட்டு அறைக்குள் வைத்தால் சிக்னலும் கூடும், மழையும் படாது.

முதல் பக்கம்

ஆர்டுயினோ ஐடிஇ-யில் ஈஎஸ்பி32 போர்டு தொகுப்பை நிறுவியிருந்தால் எடுத்துக்காட்டுகள் பட்டியலில் ‘வெப்சர்வர்’ என்ற தலைப்பின் கீழ் ‘ஹலோசர்வர்’ என்று ஒன்று இருக்கும். வேறெங்கும் தேட வேண்டாம், அதைத் திறந்து வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். மேலே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் போட இரண்டு வரி. அப்புறம் 80-ஆம் போர்ட்டில் சர்வர் உருவாகும் வரி. 80 என்றால் பிரவுசரில் முகவரியோடு போர்ட் எண் அடிக்க வேண்டாம்.

போர்டு எழும்பும்போது ஒருமுறை ஓடுவது செட்டப் பகுதி, அதன்பின் ஓயாமல் சுற்றுவது லூப் பகுதி. செட்டப் பகுதியில் வைஃபை இணையும், பிறகு ‘சர்வர் டாட் ஆன்’ என்று சில வரிகள் வரும். இந்த முகவரிக்கு யாராவது வந்தால் இந்தச் செயல்கூற்றை ஓட்டு என்பதுதான் அதன் பொருள். லூப் பகுதியில் ‘ஹேண்டில்கிளையன்ட்’ என்று ஒரு வரி. மொத்த சர்வரும் இந்த ஒரு வரியில் உயிர் வாழ்கிறது. லூப் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அது ‘யாராவது வந்தார்களா’ என்று பார்க்கும். வந்திருந்தால் பதில் கொடுக்கும்.

போர்டில் ஏற்றி, சீரியல் மானிட்டரை 115200-இல் வைத்துப் பாருங்கள். ரவுட்டர் கொடுத்த முகவரி வரும். போனில் அதை அடித்தால் ஒரு வரி வணக்கம். வந்துவிட்டதா? சரி, பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இப்போது அளக்கும் பகுதியை இதில் சேர்க்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான கருவிகள் படுக்கின்றன. லூப்பில் ‘டிலே’ போட்டு ஐந்து வினாடி காத்திருந்தால், அந்த ஐந்து வினாடியும் ஹேண்டில்கிளையன்ட் ஓடாது. பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். ‘வைஃபை ஸ்லோ’ என்று ரவுட்டரைத் திட்டுவோம். டிலேயை எடுத்துவிட்டு மில்லிஸ் கணக்குக்கு மாறுங்கள்: கடைசியாக அளந்த நேரத்தை ஒரு மாறியில் வைத்து, இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்து, 5000 தாண்டினால் மட்டும் அளக்கவும். மில்லிஸ் எண் சுமார் 49 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். கழித்துப் பார்க்கும் முறையில், மாறியைக் குறியற்ற நீள எண்ணாக அறிவித்திருந்தால், அந்தத் திரும்பலால் ஒன்றும் ஆகாது. கூட்டிப் பார்க்கும் முறையில் எழுதினால் ஐம்பதாவது நாள் கருவி விழிக்கும்.

இன்னொரு முக்கியமான பிரிப்பு: யாரோ பக்கம் திறக்கும்போது அளக்காதீர்கள். அளப்பது தன் போக்கில் நடக்கட்டும், முடிவு ஒரு மாறியில் கிடக்கட்டும்; பக்கம் கேட்டால் அந்த மாறியில் உள்ளதை எடுத்துக் கொடுங்கள். நான்கு பேர் ஒரே நேரத்தில் பார்த்தாலும் சென்சாருக்கு வேலை கூடாது.

எண்ணுக்குத் தனி முகவரி

புதியவர்கள் வழக்கமாகச் செய்வது, பக்கத்தின் நடுவில் எண்ணைச் செருகி மொத்தமாக அனுப்புவதும், சில வினாடிக்கு ஒருமுறை பக்கத்தை முழுதாகப் புதுப்பிப்பதும். வேலை செய்யும், ஆனால் திரை மினுங்கும், பட்டனை அழுத்தப் போகும் நேரத்தில் பக்கம் மறையும்.

பக்கம் ஒரு முகவரி, விவரம் இன்னொரு முகவரி என்று பிரியுங்கள். வெறும் ‘/’ என்றால் பக்கம். ‘/1’ என்றால் விவரம் மட்டும், ஜேசன் வடிவில் (பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக வரும் உரை):

{"சதவீதம்":50,"லிட்டர்":500,"வயது":3,"மோட்டார்":0,"சிக்னல்":-64}

ஆம், ஜேசனில் சாவிப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் மாறிகளுக்கும் தமிழ்ப் பெயர் செல்லும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட், பக்கத்தை மறுபடி ஏற்றாமலே விவரம் கேட்கும் ‘ஃபெட்ச்’ கட்டளை மூலம் ‘/1’-ஐக் கேட்டு, வந்த எண்களை உரிய இடத்தில் போடும். அடுத்த கேள்வியை, பதில் வந்த பிறகு இரண்டு வினாடி கழித்துக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்ததோ இல்லையோ என்று இரண்டு வினாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தால், சிக்னல் மோசமான நேரத்தில் கேள்விகள் குவிந்து போர்டு மூச்சுத் திணறும். இந்த வெப்சர்வர் நூலகம் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பதில் சொல்லும் என்பது நினைவில் இருக்கட்டும். விவரப் பதிலோடு ‘நோ-ஸ்டோர்’ என்ற கேஷ் தலைப்பையும் அனுப்புங்கள். பழைய எண்ணைப் பிரவுசர் சேமித்து வைத்துக் காட்டாமல் இருக்கும்.

அந்த ‘வயது’ எதற்கு என்று கேட்கலாம். என் பார்வையில் பக்கத்தில் சதவீதத்துக்கு அடுத்து முக்கியமான எண் அதுதான். கடைசியாகச் சரியான அளவு கிடைத்து எத்தனை வினாடி ஆயிற்று என்பதை அது சொல்கிறது. சென்சார் வயர் கழன்று போனால் பழைய 80 சதவீதம் திரையில் அப்படியே நிற்கும், வீட்டார் அதை நம்பிக் குளிக்கப் போவார்கள். வயது 60 தாண்டினால் எண்ணைச் சாம்பல் நிறமாக்கி ‘சென்சார் பதில் இல்லை’ என்று காட்டுங்கள். ஃபெட்ச் தோற்றால் ‘தொடர்பு இல்லை’ என்று காட்டுங்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு, வேறு வேறு வாசகம்.

பக்கத்தைத் தமிழில் எழுதுவது

பக்கம் முழுவதையும் நிரலுக்குள் ஒரே நீள்சரமாக வைக்கலாம். பெரிய ஆர் எழுத்து, இரட்டை மேற்கோள், அடைப்புக்குறி என்று தொடங்கும் வகைச் சரத்தில் உள்ளே மேற்கோள் குறி வந்தாலும் சிக்கல் இல்லை, வரி பிரிந்தாலும் சிக்கல் இல்லை.

தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாக வந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இது யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்துகளையும் தாங்கும் எழுத்துக் குறிமுறை) என்று பிரவுசருக்கு யாரும் சொல்லவில்லை. பதில் அனுப்பும் வரியில் உள்ளடக்க வகைக்குப் பின்னால் எழுத்துக் குறிமுறையையும் சேர்த்துக் கொடுங்கள். எடுத்துக்காட்டில் வகை வெறும் உரை என்று இருக்கும், அதை ஹெச்டிஎம்எல் என்று மாற்றவும் மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் பக்கத்துக்குப் பதிலாக அதன் நிரல்தான் திரையில் வரும். தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுக்கும். ‘மோட்டார்’ என்ற ஒரு சொல்லே 24 பைட். இந்த அளவுப் பக்கத்துக்கு அது ஒரு கவலையே அல்ல.

மெட்டா வியூபோர்ட் வரியைப் போடுங்கள், இல்லையென்றால் போனில் எல்லாம் எறும்பளவு தெரியும். எழுத்துருவோ ஐகானோ வெளித் தளத்திலிருந்து இழுக்காதீர்கள். மழையில் கேபிள் அறுந்து இணையம் போன நாளில், வீட்டு வைஃபை நன்றாக இருந்தும் பக்கம் அரைகுறையாகத் திறக்கும்.

என்ன காட்டுவது? பெரிதாகச் சதவீதம். அதன் கீழே லிட்டர். ஒரு நீலப் பட்டை. மோட்டார் ஓடுகிறதா இல்லையா. கீழே சிறிதாக வயதும் சிக்னலும். வரைபடம், வட்ட மீட்டர் எல்லாம் முதல் வாரத்துக்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை. கண்ணாடி இல்லாமல் அம்மா படிக்கும் அளவுக்கு எண் பெரிதாக இருந்தால் அதுவே நல்ல வடிவமைப்பு.

மோட்டார் பட்டன்

இதுவரை சொன்னதில் தப்பு நடந்தால் ஒரு போர்டு போகும். இனி வருவதில் 230 வோல்ட் இருக்கிறது. ரிலேக்குப் பின்னால் உள்ள வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

நீலநிறச் சின்ன ரிலேயில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அதை நம்பி மோட்டாரை நேரடியாக மாட்டக் கூடாது. 1 ஹெச்பி மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும் மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் நீங்கள் ‘நிறுத்து’ அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. சின்ன ரிலே ஒரு கான்டாக்டரின் (மோட்டாரின் மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய மின்காந்த சுவிட்ச்) சுருளை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். சுவரில் உள்ள பழைய சுவிட்சை எடுத்துவிடாதீர்கள். போர்டு செத்தாலும் தண்ணீர் ஏற வேண்டுமே.

பல ரிலே பலகைகள் தலைகீழாக வேலை செய்யும்: பின் தாழ்ந்தால் ரிலே பிடிக்கும். அப்படியானால் செட்டப்பில் முதலில் பின்னைப் புல்அப் உள்ள உள்ளீடு என்று அறிவித்து, உயர்நிலை என்று எழுதி, அதன் பிறகே வெளியீடு என்று அறிவியுங்கள். வரிசை மாறினால் போர்டு ஒவ்வொரு முறை எழும்பும்போதும் மோட்டார் ஒரு கணம் உதறும். இதற்கு 23-ஆம் பின் பொருத்தம்.

பட்டனுக்கு இரண்டு முகவரி: ‘/2’ ஓட, ‘/3’ நிறுத்த. இரண்டையும் ‘போஸ்ட்’ முறைக்கு மட்டும் பதில் சொல்லும்படி வையுங்கள். சர்வர் டாட் ஆன் வரியில் முகவரிக்கு அடுத்து முறையைக் குறிப்பிட இடம் உண்டு. ஏன் இந்தக் கண்டிப்பு? சாதாரண ‘கெட்’ முறையில் வைத்தால் முகவரியைத் திறந்தாலே மோட்டார் ஓடும். நேற்று ‘/2’ திறந்து வைத்திருந்த டேபை இன்று பிரவுசர் தானாக மறுபடி ஏற்றும், ஆளில்லாத வீட்டில் மோட்டார் கிளம்பும். முகவரி அடிக்கும்போதே பக்கத்தை முன்கூட்டி எடுத்து வைக்கும் பழக்கமும் பிரவுசர்களுக்கு உண்டு. எதையாவது மாற்றும் கட்டளை எதுவானாலும் போஸ்ட், பார்க்க மட்டும் கெட்.

இப்போது அந்தப் பிடிவாதத்துக்கு வருவோம். பட்டன் மோட்டாரை ஓட்டாது. ‘ஓடச் சொல்லிக் கேட்டார்கள்’ என்று ஒரு மாறியில் குறிக்கும், அவ்வளவுதான். ஓட்டலாமா என்று தீர்மானிப்பது லூப்பில் உள்ள தனிச் செயல்கூறு. அதன் விதிகள்: 95 சதவீதம் ஆனால் நிறுத்து. அளவின் வயது 60 வினாடி தாண்டினால் நிறுத்து. தொடர்ந்து 40 நிமிடம் ஓடினால், என்ன காரணமானாலும் நிறுத்து. அந்த எண்ணை உங்கள் டேங்க் நிரம்ப ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் ஓடியும் மட்டம் ஏறவில்லை என்றால் நிறுத்து, கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கலாம், மோட்டார் வறண்டு ஓடினால் கெட்டுவிடும். மின்சாரம் போய் வந்தால் மோட்டார் நின்ற நிலையிலேயே இருக்கட்டும். இவற்றில் எதற்கும் போனோ பக்கமோ வைஃபையோ வேண்டாம் என்பதைக் கவனியுங்கள்.

மட்டம் இறங்கியதும் தானாகவே ஓடத் தொடங்கும்படி செய்யலாமா? செய்யலாம். நான் செய்ய மாட்டேன். கோடையில் கிணறு வற்றும் ஊரில், ஓட வைப்பது மனிதராகவும் நிறுத்துவது கருவியாகவும் இருப்பதே நிம்மதி.

பட்டனுக்குக் கடவுச்சொல் வேண்டுமென்றால் நூலகத்திலேயே ‘ஆதென்டிகேட்’ என்று வசதி உண்டு. மறையாக்கம் இல்லாமல்தான் போகும், வீட்டு வைஃபைக்குள் பிள்ளைகள் விளையாடாமல் தடுக்க அது போதும்.

முகவரி மாறாமல் இருக்க

ரவுட்டர் இன்று கொடுத்த முகவரியை நாளை வேறு கருவிக்குக் கொடுக்கலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபி முன்பதிவு என்ற பகுதியில், போர்டின் மேக் எண்ணுக்கு (ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் உள்ள அடையாள எண்) ஒரு முகவரியை நிரந்தரமாகக் கட்டிவிடுங்கள். ஹலோசர்வர் எடுத்துக்காட்டில், வீட்டு வைஃபைக்குள் எண்ணுக்குப் பதிலாகப் பெயரால் கூப்பிட உதவும் எம்டிஎன்எஸ் வரியும் இருக்கும். அதில் பெயரை மாற்றினால் ‘டேங்க் டாட் லோக்கல்’ மாதிரி பெயரிலும் திறக்கலாம். ஆனால் பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்கு அந்தப் பெயர் புரியாது, எண் முகவரிதான் எல்லோருக்கும் உறுதி. பிரவுசரின் மெனுவில் முகப்புத் திரையில் சேர்க்கும் வசதியால் எல்லோர் போனிலும் ஐகானாகப் போட்டுக் கொடுங்கள். முகவரியைக் க்யூஆர் குறியாக அச்சடித்து அடுக்களைச் சுவரில் ஒட்டினால் விருந்தினருக்குக்கூட உதவும்.

மாடியில் பிழைக்க

வைஃபை அனுப்பும் கணத்தில் போர்டு அரை ஆம்பியர் வரை இழுக்கும். மெலிந்த யூஎஸ்பி வயர் என்றால் மின்னழுத்தம் விழுந்து போர்டு மறுபடி மறுபடி எழும்பும். சீரியலில் ‘பிரவுன்அவுட்’ (மின்னழுத்தம் விழுந்தது) என்று வந்தால் நிரலைத் தோண்டாதீர்கள், வயரை மாற்றுங்கள். 5 வோல்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அந்த 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி.

மின்சாரம் திரும்பும்போது ரவுட்டரைவிடப் போர்டு சீக்கிரம் எழும்பிவிடும். எடுத்துக்காட்டு நிரல் வைஃபை கிடைக்கும்வரை செட்டப்பிலேயே காத்து நிற்கும். அதுவரை அளவும் இல்லை, மோட்டார் பாதுகாப்பும் இல்லை. அந்தக் காத்திருப்புக்கு 15 வினாடி வரம்பு வைத்து, கிடைக்காவிட்டால் லூப்புக்குப் போய்விடச் சொல்லுங்கள். லூப்பில் 30 வினாடிக்கு ஒருமுறை இணைப்பைப் பார்த்து, இல்லையென்றால் மறுபடி இணையச் சொல்லுங்கள்.

வைஃபை வழியாகவே புது நிரல் ஏற்ற உதவும் ஆர்டுயினோ ஓடிஏ நூலகத்தைக் கடவுச்சொல்லோடு முதல் நாளே சேர்த்துவிடுங்கள். அப்புறம் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆனி மழையில் மாடி ஏற வேண்டியதில்லை. நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, வருடத்தில் உலர்ந்த மாடி கிடைப்பதே குறைவு. பெட்டியில் வயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும், மேல்பக்கம் துளைத்து சிலிக்கான் தடவுவது நீடிக்காது. ஆரல்வாய்மொழி பக்கம் உள்ளவர்கள் ஆடிக் காற்றை மனதில் வைத்து சென்சார் குழாயைக் கட்டுங்கள். குழாய் ஆடினால் எண்ணும் ஆடும்.

வெளியிலிருந்து பார்க்க

வளைகுடாவில் இருக்கும் அண்ணன், ‘எனக்கும் லிங்க் அனுப்புடா’ என்பார். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருபவரை நேராகப் போர்டுக்கு அனுப்பும் வழி) போட்டுக் கொடுக்க ஆசை வரும், வேண்டாம். மறையாக்கமில்லாத இந்தச் சின்ன சர்வரை, அதுவும் மோட்டார் பட்டனோடு, உலகத்துக்குத் திறந்து வைப்பது சரியல்ல. பல இணைப்புகளில் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரியே இருக்காது, எனவே திறந்தாலும் வேலை செய்யாது.

இரண்டு நல்ல வழி. வீட்டில் எப்போதும் ஓடும் ராஸ்பெர்ரி பையோ பழைய கணினியோ இருந்தால் அதில் விபிஎன் (மறையாக்கம் செய்த தனி வழி) போட்டால், அண்ணன் நம் வீட்டு வைஃபைக்குள் இருப்பதுபோல நுழையலாம். அது இல்லையென்றால், போர்டு சதவீதத்தை மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு எம்க்யூடிடி சேவைக்கு (கருவிகள் அனுப்பும் சின்னச் செய்திகளை வாங்கி, கேட்பவருக்குக் கொடுக்கும் இணையச் சேவை) அனுப்பட்டும், அவர் அங்கிருந்து பார்க்கட்டும். வெளியே போவது எண் மட்டும், உள்ளே வரும் கட்டளை எதுவும் இல்லை. மோட்டார் பட்டன் வீட்டு வைஃபையில் மட்டும்.